உருபு மாறும் பெயர்கள்

(தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தூய ஆவியாரின் பெருவிழா நெருங்கிக்கொண்டிருக்கிறது. அன்றைய திருப்பலியில் இரண்டாம் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் நடுவே ஒரு தொடர்பாடல் வரும். அதன் இலத்தீன் பெயர் 'வேனி சாங்க்தே ஸ்பிரித்துஸ்'. ஆண்டுதோறும் தமிழில் பாடுகிறோம். இந்த ஆண்டு, தொரப்பள்ளியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிற எங்கள் பாடகர் குழுவினர் அதை இலத்தீனிலேயே பாட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போலப் பாடுவானேன் என்று, ஞாயிறு மாலைகளில் கொஞ்சம் இலத்தீன் இலக்கணமும் படிக்க உட்கார்ந்தோம். ஷிப்டு முடித்து வருகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு அம்மாக்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் என ஒரு சிறிய கூட்டம்.

இரண்டாவது ஞாயிறன்றே ஒரு மகள் கேட்டாள்: "ஃபாதர், சிலுவை அடையாளம் வரையும்போது 'ஸ்பிரித்துஸ் சாங்க்தி'ன்னு சொல்றோம். பாட்டுல 'சாங்க்தே ஸ்பிரித்துஸ்'னு இருக்கு. சாங்க்தியா, சாங்க்தேயா? எது சரி?"

இரண்டும் சரி. ஏன் இரண்டும் சரி என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறோம்.

'இந்தக் காலத்தில் இலத்தீன் எதற்கு' என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மக்கள் தங்கள் மொழியில் வழிபட அது கதவைத் திறந்துவிட்டது. அதே ஏடு, மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சொல்லவோ பாடவோ தெரிந்திருக்கட்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதி நமக்கெல்லாம் நினைவில் இருக்கிறது. இரண்டாம் பாதி மறந்துபோய்விட்டது. அவ்வளவுதான். பழைய பூசை திரும்ப வேண்டும் என்று யாரும் இங்கே கொடி பிடிக்கவில்லை.

பாடத்துக்கு வருவோம். அந்த மகளின் கேள்வியைத் தமிழாசிரியை அம்மா பிடித்துக்கொண்டார். "இது என்ன ஃபாதர், நாம பள்ளிக்கூடத்துல படிச்ச வேற்றுமைதானே" என்றார். அதற்குப் பிறகு பாடத்தில் பாதியை அவரே நடத்திவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று சிறு வயதில் நாம் மனப்பாடம் செய்த உருபுகள் நினைவிருக்கிறதா? 'ஆண்டவர்' என்று வெறுமனே நின்றால் எழுவாய். 'ஆண்டவரை', 'ஆண்டவரால்', 'ஆண்டவருக்கு', 'ஆண்டவருடைய' என்று வாலில் ஏதாவது ஒட்டினால், அந்தப் பெயர் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். கூப்பிட்டால் 'ஆண்டவரே'. தொல்காப்பியர் காலம் தொட்டு இதை விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமை என்று எண்ணுகிறோம்.

இலத்தீனும் இதையே செய்கிறது. ஆண்டவர் 'தோமினுஸ்'. ஆண்டவரை 'தோமினும்'. ஆண்டவருடைய 'தோமினி'. ஆண்டவருக்கு 'தோமினோ'. ஆண்டவரே என்று கூப்பிட்டால் 'தோமினே'. பழைய கோவில் கல்வெட்டுகளில் ஆண்டுக்கு முன்னால் 'ஏ.டி.' என்று இரண்டு எழுத்து வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'அன்னோ தோமினி', அதாவது 'ஆண்டவருடைய ஆண்டில்' என்பதன் சுருக்கம் அது. அந்த 'னி'யில் இருக்கிறது நம் ஆறாம் வேற்றுமை.

ஆங்கிலம் வழியாக இலத்தீன் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் தலை சுற்றும். ஆங்கிலத்தில் யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் பொருள். 'பேதுரு பவுலை அன்பு செய்கிறார்' என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் ஆங்கிலத்தில் பொருளே புரண்டுவிடும். நமக்கு அப்படி இல்லை. 'பவுலைப் பேதுரு அன்பு செய்கிறார்' என்றாலும் அன்பு செய்பவர் பேதுருதான். இலத்தீனிலும் 'பேத்ருஸ் பவுலும் ஆமத்', 'பவுலும் பேத்ருஸ் ஆமத்' இரண்டும் ஒன்றே. நமக்கு இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. இதை ஒரு பயமும் இல்லாமல் எங்கள் குழுவினர் பத்து நிமிடத்தில் தாண்டிப் போனார்கள்.

எண்ணிக்கை மட்டும் இடித்தது. நமக்கு எட்டு, அவர்களுக்கு ஆறு. மீதி இரண்டு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. இலத்தீனின் ஆறாவது வேற்றுமை ஒரே ஆளாக நம்முடைய மூன்று பேர் வேலையைப் பார்க்கிறது. 'ஆல்', 'ஓடு' என்கிற மூன்றாம் வேற்றுமை, 'இருந்து' என்று நீங்குவதைச் சொல்லும் ஐந்தாம் வேற்றுமை, 'இல்', 'கண்' என்று இடத்தைச் சொல்லும் ஏழாம் வேற்றுமை, எல்லாம் அதற்குள் அடக்கம். ஆள் குறைப்பு செய்த கம்பெனி மாதிரி இருக்கிறதே என்று சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி சொன்னார்.

அந்த வேற்றுமைக்கு முன்னால் சின்னச் சொற்களை வைத்து எந்த வேலை என்று காட்டுவார்கள். 'கும்' என்றால் 'ஓடு'. வழக்கமாக அது பெயருக்கு முன்னால்தான் நிற்கும். ஆனால் நான், நீ, நாம், நீங்கள் என்கிற சொற்கள் வந்தால் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். நம்மில் மூத்தவர்களுக்கு 'தோமினுஸ் வோபிஸ்கும்' என்ற வாழ்த்து காதில் இருக்கும். 'வோபிஸ்' என்பது உங்கள். 'கும்' என்பது ஓடு. உங்கள் கூட்டல் ஓடு, உங்களோடு! அருள்நிறை மரியே செபத்தில் 'தேகும்' என்று வருவதும் 'உம்மோடு' என்பதுதான். உரோமையில் பிறந்த மொழி இந்த ஓரிடத்தில் தமிழ் மாதிரியே திரும்பி நிற்பதைக் கண்டு தமிழாசிரியை அம்மாவுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இதுவரை எளிது. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் உருபு ஒன்றுதான். மரமோ, வீடோ, அண்ணனோ, மரியாவோ, 'கு' என்றால் எல்லோருக்கும் 'கு'தான். இலத்தீனில் பெயர்கள் ஐந்து இனங்களாகப் பிரிந்து, இனத்துக்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கின்றன. அந்த ஐந்துக்கும் கோவிலிலிருந்தே ஆளுக்கொரு சொல் எடுத்துக்கொண்டோம். முதல் இனத்துக்கு மரியா. இரண்டாவதற்கு தோமினுஸ், ஆண்டவர். மூன்றாவதற்கு பாத்தெர், தந்தை. நான்காவதற்கு ஸ்பிரித்துஸ், ஆவி. ஐந்தாவதற்கு ஃபீதெஸ், விசுவாசம். 'உடைய' என்ற ஒரே பொருளுக்கு மரியே, தோமினி, பாத்ரிஸ், ஸ்பிரித்துஸ், ஃபீதேயி என்று ஐந்து வால்.

முதல் இனத்துக்குப் பழைய பள்ளிப் புத்தகங்களில் 'ரோசா' என்ற சொல்லைத்தான் போடுவார்கள். ரோசா என்றால் ரோசாப்பூவேதான். போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொல் அது. அவர்களுக்கு இலத்தீனிலிருந்து வந்தது. ஓசூர்க்காரர்களுக்கு ரோசாவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பசுமைக்குடிலில் பூப்பறிக்கப் போகும் ஓர் அம்மா எங்கள் வகுப்பில் இருக்கிறார். ரோசா, ரோசே, ரோசாம் என்று அவர்தான் முதலில் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். 'ரோசாரியும்' என்றால் ரோசாத் தோட்டம். நம் செபமாலைக்கு இலத்தீனில் அதுதான் பெயர் என்றதும், அன்று பாடம் அதோடு முடிந்து பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

'பாதிரியார்' என்று ஊரில் நம்மைக் கூப்பிடுகிறார்களே, அதற்குள்ளும் மூன்றாம் இனத்துச் சொல் இருக்கிறது. பாத்தெர் என்பது போர்த்துக்கீசிய மொழியில் 'பாத்ரே' ஆகி, தமிழில் பாதிரி ஆகி, மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்ந்தது.

இனி சிலுவை அடையாளம். 'இன் நோமினே பாத்ரிஸ் எத் ஃபீலியி எத் ஸ்பிரித்துஸ் சாங்க்தி.' தமிழில் 'தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே' என்கிறோம். தமிழைக் கவனியுங்கள். தந்தைக்கும் மகனுக்கும் உருபு இல்லை. கடைசியில் ஆவியாரிடம் 'இன்' என்று ஒருமுறை வருகிறது. அது மூவருக்கும் சேர்த்து. (அந்த 'இன்' சாரியைதான், ஆறாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது என்று அம்மா திருத்தினார். சரிதான்.) இலத்தீனில் அப்படி விட முடியாது. பாத்ரிஸ், தந்தையுடைய. ஃபீலியி, மகனுடைய. ஸ்பிரித்துஸ், ஆவியுடைய. மூன்று பெயர்களும் மூன்று வெவ்வேறு இனம். மூன்றாவது, இரண்டாவது, நான்காவது. ஒவ்வொருவரும் தமக்குரிய வாலோடு தனித்தனியாக நிற்கிறார்கள்.

ஆனால் 'நோமினே' என்பது ஒருமை. பெயரில். 'பெயர்களில்' என்று சொல்ல வேண்டுமானால் 'நோமினிபுஸ்' என்றிருக்க வேண்டும். திருஅவையின் மறைக்கல்வி ஏடும் இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது: நாம் திருமுழுக்குப் பெறுவது ஒரே பெயரில், மூன்று பெயர்களில் அல்ல. மூன்று ஆள், ஒரே கடவுள் என்று மறைக்கல்வி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! இங்கே மூன்று பெயருக்கு மூன்று வால், முன்னால் நிற்கும் சொல்லுக்கு ஒருமை. நெற்றியிலிருந்து மார்புக்குக் கை இறங்குகிற நேரத்துக்குள் இலக்கணம் இதைச் சொல்லி முடித்துவிடுகிறது.

இப்போது அந்த மகளின் கேள்விக்கு வரலாம். நான்காம் இனத்தில் 'ஸ்பிரித்துஸ்' என்ற வடிவம் 'ஆவி' என்றும் இருக்கலாம், 'ஆவியுடைய' என்றும் இருக்கலாம், 'ஆவியே' என்றும் இருக்கலாம். எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் 'தூய' என்ற சொல்தான் காட்டிக்கொடுக்கும். தமிழில் 'தூய' மாறாது: தூய ஆவி, தூய ஆவிக்கு, தூய ஆவியே. இலத்தீனில் அடைமொழியும் பெயரோடு சேர்ந்து உருபு ஏற்கும். 'சாங்க்துஸ்' என்றால் தூய ஆவி என்று அவரைப் பற்றிப் பேசுகிறோம். 'சாங்க்தி' என்றால் தூய ஆவியுடைய. 'சாங்க்தே' என்றால் தூய ஆவியே என்று அவரையே கூப்பிடுகிறோம். சிலுவை அடையாளத்தில் அவருடைய பெயரைச் சொல்கிறோம், ஆகவே சாங்க்தி. தொடர்பாடலில் வாரும் என்று அழைக்கிறோம், ஆகவே சாங்க்தே. பாடும்போது அந்த ஓர் உயிர் எழுத்தை மாற்றிப் பாடிவிட்டால், அழைப்பு அழைப்பாக இராது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். நம் மண்ணில் நற்செய்தி முளைத்த கதையில் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஓர் இடம் உண்டு.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் தாய்மொழி பாஸ்க். நம்முடைய மொழி அவருக்குத் தெரியாது, அவருடையது நம் மக்களுக்குத் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார். இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து செபங்களைத் தமிழில் எழுதச் செய்து, உரோமை எழுத்தில் காதால் கேட்டபடி குறித்துக்கொண்டு, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தந்தார். 1544-இல் தம்மோடு உழைத்த மான்சிலாஸ் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இரண்டு திருத்தங்கள் இருக்கின்றன. விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிவருகிறீர். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருள், அதை எடுத்துவிட்டு விசுவாசத்துக்குரிய சொல்லைப் போடும் என்பது முதலாவது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடத்தில் 'வன்பினாலே' என்று சொல்ல வேண்டாம் என்கிறார். அது வற்புறுத்தலால் என்று பொருள்படும். ஆண்டவர் பாடுபட்டது தம் விருப்பத்தால், யாருடைய கட்டாயத்தாலும் அல்ல என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். வந்து ஒன்றரை ஆண்டுகூட முழுதாக ஆகாத ஓர் ஆள், அர்த்தம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, கடற்கரை மணலில் நின்று, 'ஆலே' என்கிற ஒரு மூன்றாம் வேற்றுமைக்கு முன்னால் எந்தச் சொல் வரலாம், எது வரக்கூடாது என்று கவலைப்படுகிறார். ஆண்டவர் எதனால் சிலுவையை ஏற்றார்? அன்பினாலா, வன்பினாலா? உருபு ஒன்றுதான், முன்னால் நிற்கிற சொல் தவறினால் மீட்பின் வரலாறே தவறிவிடும்.

அவருக்குப் பின் வந்தவர் என்றீக்கஸ் அடிகளார். 1546-இல் இந்தியா வந்து, புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்து, 1600-இல் இறந்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது என்று தமிழைத் தாமே கற்க உட்கார்ந்தார். எப்படிக் கற்றார் தெரியுமா? தாம் சிறுவயதில் இலத்தீன் படித்த வழியிலேயே. வினைகளை வரிசைப்படுத்தி, பெயர்களுக்கு ஒவ்வொரு வேற்றுமையையும் இலத்தீன் பெயரிட்டு எழுதி, ஓர் இலக்கணமே செய்தார். அந்தக் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பன் நகர நூலகத்தில் இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானதும் இவரால்தான்.

வீரமாமுனிவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவருடைய தேம்பாவணியைத் தெரிந்த அளவுக்கு, பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை நம் மக்களுக்குத் தெரியாது. அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் லூத்தரன் சபையார்! மறையில் பிணக்கு இருந்த காலம் அது. ஆனாலும் நம் உருபுகளைக் கற்க ஒருவர் புத்தகம் மற்றவருக்குத் தேவைப்பட்டது.

அவர்கள் இலத்தீன் ஏணியில் ஏறித் தமிழுக்கு வந்தார்கள். நாங்கள் அதே ஏணியில் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஏறுகிறோம். ஏறும்போதுதான் அந்தப் பக்கத்தில் எத்தனை படி இருந்தது என்று தெரிகிறது. தமிழில் உருபு ஒன்றுதான் என்று பெருமையாகச் சொன்னோம் அல்லவா? உருபு மாறாது, உண்மை. ஆனால் அது ஒட்டும்போது பெயரின் உடம்பு மாறிவிடுகிறது. மரம், மரத்துக்கு. வீடு, வீட்டுக்கு. ஆறு, ஆற்றுக்கு. சோறு, சோற்றுக்கு. நாம் இதைக் கற்றதாகவே நினைவில்லை. வெளியிலிருந்து வந்து கற்கிறவருக்கு, நாம் இலத்தீனின் ஐந்து இனத்தில் படுகிற பாடு இதுதான்.

அப்படிக் கற்கிறவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் மட்டும் இல்லை. நம் ஊரில் இப்போது இருக்கிறார்கள்.

தொரப்பள்ளி இராஜாஜி பிறந்த ஊர் என்று வெளியூரில் தெரியும். உள்ளூரில் நமக்குத் தெரிந்தது வேறு: ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பூமி இது. பெங்களூருக்குப் போகிறோம் என்பதை ஒருவர் 'பெங்களூரிகெ' என்பார், இன்னொருவர் 'பெங்களூருகி' என்பார். 'கு', 'கெ', 'கி' மூன்றும் ஒரே உருபின் மூன்று உடை என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். அத்திப்பள்ளி தாண்டினால் உருபை மாற்றிக்கொண்டு பேசுகிற ஊர் நம்முடையது. ஆனால் தொழிற்சாலைகளுக்கு வடக்கேயிருந்து வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் 'வீடுக்கு' என்றும் 'சோறுக்கு' என்றும் சொன்னால், கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் முதலில் கற்கிற தமிழ்ச் சொல் என்ன தெரியுமா? 'வேணும்'. தண்ணி வேணும், ரூம் வேணும், வேலை வேணும். சவேரியாரின் முதல் விசுவாச அறிக்கையில் இருந்த அதே சொல்.

எங்கள் பாடகர் குழுவில் ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பி ஒருவர் இருக்கிறார். நல்ல குரல். ஞாயிறு தவறாமல் வருவார், கடைசி வரிசையில் நிற்பார், பேச மாட்டார். எல்லோரும் அவரை 'இந்திக்காரத் தம்பி' என்றுதான் சொல்வார்கள். இலத்தீன் வகுப்புக்கும் வந்தார். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. தமிழில் வாய் திறக்காதவர், இலத்தீனில் எல்லோருக்கும் முன்னால் பதில் சொன்னார். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த அறையில் இலத்தீனைத் தாய்மொழியாகக் கொண்டவர் யாரும் இல்லையே! சிரிக்கத் தகுதி உள்ளவர் ஒருவரும் இல்லை. ரோசாத் தோட்டத்து அம்மா முதல் பாதிரியார் வரை எல்லோரும் ஒரே பெஞ்சு.

நான்காம் வேற்றுமை பாடம் வந்த அன்று, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மொழியில் 'கு' எப்படி வரும் என்று சொல்லும் விளையாட்டு ஒன்றை அம்மா வைத்தார். கன்னடம் பேசுகிறவர் 'கெ' என்றார். தெலுங்கர் 'கி' என்றார். தம்பியின் முறை வந்தது. இந்தியில் சொல்வார் என்று காத்திருந்தோம். "என் வீட்டு மொழி இந்தி இல்லை" என்றார் தயங்கித் தயங்கி. அவர் ஓரான் பழங்குடி. வீட்டில் பேசுவது குரூக். குரூக் மொழியில் நமக்கு உள்ள 'கு'வுக்கு என்ன என்று கேட்டோம்.

"கே" என்றார்.

அறை ஒரு நொடி அமைதியானது. நான் என்பதற்கு என்ன? "ஏன்." நீ என்பதற்கு? "நீன்." கன்னடக்கார அம்மா, நாங்களும் 'நீனு'தானே என்றார். குரூக் நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மொழிநூல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. சோட்டா நாக்பூரில் இலட்சக்கணக்கானவர்கள் அதைப் பேசுகிறார்கள். நம் திருஅவையில் கர்தினாலாக உயர்ந்த முதல் இந்தியப் பழங்குடியினரான இராஞ்சிப் பேராயராக இருந்த தெலெஸ்போர் தோப்போ ஓரான் மக்களில் ஒருவர்தான். ஆனால் ஓசூர் கடைத்தெருவில் 'வீடுக்கு' என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளான பிள்ளையின் வாயில் நம் நான்காம் வேற்றுமை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் அன்றுதான் தெரிந்தது. அதற்கு இலத்தீன் வகுப்பு ஒன்று வேண்டியிருந்தது.

நான்காம் வேற்றுமைக்கு நம் இலக்கணத்தில் முதலில் சொல்லப்படும் பொருள் கொடை. இலத்தீனில் அதற்கு வைத்திருக்கும் பெயரும் 'கொடுத்தல்' என்ற வினையிலிருந்தே பிறந்தது. இரு நாட்டு இலக்கணக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டதில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று சொல்ல எந்த மொழிக்கும் ஒரு வழி தேவைப்படுகிறது.

பெந்தகோஸ்து நாளில் எருசலேமில் கூடியவர்கள் தத்தம் தாய்மொழியில் திருத்தூதர்களின் பேச்சைக் கேட்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. பார்த்தியர், மேதியர் என்று அந்தப் பட்டியல் நீளமாகப் போகும். வாசகம் வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில் திணறுவார்கள். ஊர்ப் பெயர்களை உச்சரிப்பது கடினம் என்பதால் அதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். இந்த ஆண்டு மெதுவாக வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். அவர்களில் பலர் தூரத்து ஊர்களிலிருந்து எருசலேமுக்கு வந்து தங்கியவர்கள். அவர்களுடைய உருபுகளையும் அந்த நகரத்துக் கடைத்தெரு கேட்டிருக்கும்.

இனி நடைமுறை. தொடர்பாடலின் முதல் பத்தியை அந்தத் தம்பி தனியாகப் பாடுகிறார். அடுத்ததிலிருந்து குழு சேர்ந்துகொள்ளும். பத்தி மாறி மாறி இலத்தீனும் தமிழும் வரும். 'சாங்க்தே' என்பதில் கடைசி எழுத்தை நிறுத்திச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். பயிற்சி சனிக்கிழமை மாலை ஆறரைக்கு. ஷிப்டு முடித்து வருகிறவர்களுக்காகவே அந்த நேரம். வேறு பங்குகளில் இருந்து இந்த உரையைக் கேட்கிற பாடகர் குழுவினரும் முயன்று பார்க்கலாம். பெரிய புத்தகம் ஒன்றும் வேண்டாம். சிலுவை அடையாளத்தையும் அருள்நிறை மரியேயையும் இலத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் தமிழ் வேற்றுமை என்ன என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் சிலுவைக்கு மேலே உள்ள நான்கு எழுத்துகளையும் விரித்துப் பாருங்கள்: இயேசுஸ் நசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும். முதல் மூன்றும் எழுவாய் வடிவம். கடைசிச் சொல் 'யூதருடைய' என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மை. பிலாத்து அதை மாற்றி எழுத மறுத்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

ஞாயிறு வகுப்பு விழாவுக்குப் பிறகும் தொடரும். அடுத்து ஐந்தாம் இனம் தொடங்குகிறோம். பயப்பட வேண்டாம், அந்த இனத்தில் சொற்கள் மிகக் குறைவு. 'தீயெஸ்' ஒன்று, நாள். 'ஃபீதெஸ்' ஒன்று, விசுவாசம். வகுப்பு தமிழாசிரியை அம்மாவின் வீட்டு வராந்தாவில், திருப்பலி இல்லாத நேரம் பார்த்து, மாலை நான்கு மணிக்கு. குரூக் மொழியில் 'விசுவாசம்' என்பதற்கு என்ன சொல் என்று தம்பி வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.